ஓஸ் குழாய்க்குள் ஒளிந்திருக்கும் எதிரி!

வீட்டில் பாத்திரம் கழுவுகிறார்கள். தரை கழுவுகிறார்கள். செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு பொருளை மட்டும் யாரும் கழுவுவதே இல்லை.

அதுதான், செடிக்குத் தண்ணீர் விடும் ஓஸ் குழாய்!

"அதைப் போய் எதற்குக் கழுவ வேண்டும்? அதற்குள் தினமும் தண்ணீர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது!" என்று கேட்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஓஸில் தண்ணீர் ஓடுவது எவ்வளவு நேரம்? காலையில் அரை மணி. மீதி இருக்கும் 23½ மணி நேரமும் தண்ணீர் அதற்குள் அசையாமல் கிடக்கிறது. வெளியே வெயில். உள்ளே ஈரம். காற்றோட்டம் கிடையாது. கிருமிகளுக்கு இதை விட வசதியான வீடு வேறு எங்கே கிடைக்கும்?

இரண்டு மூன்று ஆண்டு உழைத்த ஓஸ் ஒன்று இருந்தால், அதன் முனையில் இரண்டு அங்குலம் வெட்டி எடுங்கள். துண்டை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். விரலை வைத்தால் வழுக்கும். சில இடத்தில் பச்சை. சில இடத்தில் பழுப்பு. வாய்ப் பக்கத்தில் கறுப்புப் புள்ளிகள். முகர்ந்து பார்த்தால், மழைக்காலத்தில் காயாமல் கிடந்த துணியின் வாடை அடிக்கும்.

மூன்று குடித்தனங்கள்

அந்த வழுவழுப்பில் ஒன்றல்ல, மூன்று குடித்தனங்கள் இருக்கின்றன.

முதலாவது பாசி. கிணற்றுப் படியில் இருக்கிற அதே பாசிதான். இது பயிர் இனம். வெளிச்சம் இருந்தால்தான் வளரும். அதனால்தான் உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடி போன்ற ஓஸ், வாங்கிய சில வாரங்களிலேயே பச்சை நிறமாக மாறிவிடுகிறது.

இரண்டாவது பூஞ்சணம். ஊறுகாய் ஜாடியில் வெள்ளையாகப் படர்கிறதே, மழைக்காலத்தில் தோல் செருப்பில் பூக்கிறதே, அந்த இனம். இதற்கு வெளிச்சம் தேவை இல்லை. இருட்டிலும் வளரும். இதன் வித்துக்கள் கண்ணுக்குத் தெரியாத தூளாகக் காற்றில் எங்கும் மிதக்கின்றன. ஈரமும் இரையும் கிடைத்த இடத்தில் இறங்கிவிடும்.

ஓஸுக்குள் இரை ஏது? மேல்தொட்டியில் படிந்த மண், செத்த பாசி, இலைத்தூள் எல்லாம் இரைதான். அது மட்டுமா? ஓஸே ஓர் இரை!

இது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். ரப்பர் குழாய் என்று பெயர் சொன்னாலும், இன்று கடையில் கிடைக்கும் ஓஸ்களில் பெரும்பாலானவை ரப்பர் அல்ல, பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். வளைத்தால் ஒடியும். 1926-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி வால்டோ செமன் என்பவர், அதனுடன் எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்த்து, ரப்பர் போல வளையும்படி செய்தார். அந்த எண்ணெய்ப் பொருளைச் சில பூஞ்சணங்கள் தின்னும். அதனால்தான் பழைய ஓஸின் கறுப்புப் புள்ளி என்ன தேய்த்தாலும் முழுக்கப் போவதில்லை. அது மேலே ஒட்டிய அழுக்கு அல்ல. உள்ளே வேர்விட்ட கறை.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக் கிருமிகள். வழுவழுப்புக்குக் காரணம் பெரும்பாலும் இவைதான். இவை பிசின் போன்ற ஒரு பொருளைக் கக்கி, அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. காலையில் பல் துலக்குமுன் நாக்கால் பல்லைத் தடவினால் ஒரு பிசுபிசுப்புத் தெரிகிறதே, அதுவும் இதே வகைதான். ஹாலந்து தேசத்து லீவன்ஹுக் என்பவர் 1683-ம் ஆண்டில் தம் பல்லில் இருந்ததைச் சுரண்டி, தாமே செய்த பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். உயிருள்ள சிறு பிராணிகள் ஓடுவதைக் கண்டு அதிசயித்து, லண்டனுக்குக் கடிதம் எழுதினார்!

இந்தப் பிசின் கிருமிகளுக்கு ஒரு கோட்டை. குழாய்த் தண்ணீரில் கலந்து வரும் குளோரின் மருந்து கோட்டைச் சுவரைத் தொடுவதற்குள் தீர்ந்துபோகும். தேங்கிய தண்ணீரிலோ குளோரின் தானாகவே குறைந்துகொண்டே போகும். சும்மா தண்ணீர் ஓடுவதால் ஓஸ் சுத்தமாகாது என்பதற்கு இதுதான் காரணம்.

செடிக்குக் கெடுதலா?

இல்லை. ரோஜாச் செடிக்கும் கறிவேப்பிலைக்கும் இந்த வழுவழுப்பால் ஒன்றும் ஆகாது. மண்ணில் இதை விட அதிகமான கிருமிகள் இருக்கின்றன. திடகாத்திரமான பெரியவர்களுக்கும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வீண் பீதி வேண்டாம்.

ஆனால் வீட்டில் குழந்தை இருக்கிறது. வயதான பாட்டி இருக்கிறார். இழுப்பு நோய்க்காரர் இருக்கலாம். பூஞ்சண வாடையே இழுப்பு நோய்க்காரருக்கு ஆகாது. மேலும், ஓஸின் வாயை விரலால் அடைத்துப் புகை போலப் பீய்ச்சி அடிக்கும்போது, தண்ணீர்த் திவலைகள் மூச்சோடு நுரையீரலுக்குள் போகின்றன.

அப்படிப் போனால் என்ன ஆகும் என்பதை உலகம் 1976-ல் தெரிந்துகொண்டது.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம். ஜூலை மாதம். பழைய ராணுவ வீரர்களின் சங்க மாநாடு ஒரு பெரிய ஓட்டலில் நடந்தது. மாநாடு முடிந்து ஊர் திரும்பியவர்களுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. மூச்சுத் திணறியது. 200-க்கு மேற்பட்டவர்கள் படுக்கையில் விழுந்தார்கள். 34 பேர் இறந்தார்கள். என்ன நோய் என்றே டாக்டர்களுக்குப் புரியவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு, 1977 ஜனவரியில்தான், ஜோசப் மெக்டேட் என்ற விஞ்ஞானி அந்தக் கிருமியைப் பிடித்தார். அது தண்ணீரில் வாழும் கிருமி. ஓட்டலின் குளிர்சாதன அமைப்பிலிருந்து காற்றில் பரவியிருக்கும் என்று முடிவு செய்தார்கள். 'லிஜியனெல்லா' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இந்தக் கிருமி 25 டிகிரி முதல் 45 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீரில் செழிக்கும். வழுவழுப்பான பிசினுக்குள் பத்திரமாக வாழும். ஒரு தோட்டத்து ஓஸ் ஒரு பெரிய ஓட்டல் அல்ல. ஆபத்தும் அவ்வளவு அல்ல. ஆனாலும் அந்தக் கிருமிக்கு வேண்டிய வெப்பமும் வழுவழுப்பும் தேக்கமும் ஓஸில் இருக்கின்றன. குளிர்நாட்டில் கோடையில் மட்டும் கிடைக்கும் அந்த வெதுவெதுப்பு, நம் ஊரில் ஆண்டில் பெரும் பகுதி தானாகவே கிடைக்கிறது.

விளையாட்டு வினையானது

இன்னொரு சம்பவம். 2013-ம் ஆண்டு. அமெரிக்காவின் லூசியானா மாநிலம். 4 வயதுச் சிறுவன் ஒருவன், வீட்டுப் புல்வெளியில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, ஓஸால் தண்ணீர் விட்டு, அதன்மேல் சறுக்கி விளையாடினான். அவன் மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது. அந்தத் தண்ணீரில் 'நெக்லேரியா' என்ற அமீபா இருந்தது. அது மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரைக் குடித்துவிட்டது.

குற்றம் ஓஸின்மேல் மட்டும் அல்ல. அந்த ஊர்க் குடிநீர்க் குழாய்களிலேயே அமீபா இருந்தது சோதனையில் தெரிந்தது. ஊர் முழுவதும் குழாய்களில் குளோரின் அதிகமாகச் செலுத்திச் சுத்தம் செய்தார்கள். இதே அமீபா மூளைக்காய்ச்சல்தான் 2024, 2025-ம் ஆண்டுகளில் கேரளத்தைக் கலக்கியது.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த அமீபா வாய் வழியாக வயிற்றுக்குள் போனால் நோய் வராது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் ஒட்டாது. மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து. வருவதும் அபூர்வம். ஆனால் வந்தால் பிழைப்பதும் அபூர்வம். ஆகவே, கோடையில் குழந்தைகள் ஓஸைப் பிடித்து ஒருவர் முகத்தில் ஒருவர் பீய்ச்சி விளையாடினால், தேங்கிக் கிடந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மூக்கில் அடிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த முதல் தண்ணீர் இன்னொரு விதத்திலும் பொல்லாதது. வெயிலில் கிடந்த ஓஸில் தண்ணீர் கொதிநீர் போல ஆகிவிடும். 2016 ஜூனில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஓஸ் தண்ணீர் மேலே பட்டு ஒரு கைக்குழந்தைக்குத் தீக்காயம் ஏற்பட்டது. தாய் குழந்தைகள் விளையாடும் சிறு நீச்சல் தொட்டியை நிரப்பத்தான் குழாயைத் திறந்தார்!

ஓவியர் கண்டுபிடித்த குழாய்

ஓஸைக் கண்டுபிடித்தவர் ஒரு ஓவியர் என்றால் நம்புவீர்களா? ஹாலந்து தேசத்து யான் வான் டெர் ஹைடன் என்பவர் பெயர் பெற்ற சைத்ரீகர். அவரும் அவர் சகோதரரும் சேர்ந்து 1672-ம் ஆண்டில், தீ அணைப்பதற்காகத் தோலினால் நீண்ட குழாய் செய்தார்கள். அதுவரை ஆம்ஸ்டர்டாம் நகர மக்கள் வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றிக் கொடுத்துத்தான் தீயை அணைத்தார்கள்.

அன்று தொட்டே குழாய்க்கு எதிரி பூஞ்சணம்தான். தோல் குழாயை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மக்கிவிடும். காயவைத்து, கொழுப்புத் தடவி வைப்பார்கள். பிறகு கித்தான் குழாய் வந்தது. அதுவும் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து இற்றுப்போயிற்று. அவசரத்துக்குத் தண்ணீரைத் திறந்தால் குழாய் கிழிந்து போகும்!

இதற்காகவே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய தீயணைப்பு நிலையங்களில் ஒரு உயரமான கோபுரம் கட்டினார்கள். பார்ப்பவர்கள் அதை மணிக்கூண்டு என்று நினைப்பார்கள். உள்ளே பார்த்தால் குழாய்கள் தலைகீழாகத் தொங்கும். தண்ணீர் முழுக்க வடிந்து, காற்றில் உலர்ந்த பிறகுதான் சுருட்டுவார்கள். பூஞ்சணம் பிடிக்காத செயற்கை நூல் குழாய்கள் வந்த பிறகு கோபுரத்தின் தேவை குறைந்தது.

வீட்டு ஓஸுக்குக் கோபுரம் வேண்டியதில்லை. மொட்டைமாடிச் சுவர் போதும்.

சுத்தம் செய்வது எப்படி?

முதலில் வழுவழுப்பை உரித்தெடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மருந்து. பலர் நேராக மருந்தை ஊற்றுகிறார்கள். மருந்தின் வேகமெல்லாம் மேலே உள்ள அழுக்கிலேயே செலவாகிவிடும். அடியில் இருக்கும் கிருமி தப்பித்துக்கொள்ளும்.

ஓஸை மாடியிலிருந்து நேராகத் தொங்கவிடுங்கள். ஒரு கெட்டியான நூலின் நுனியில் சிறிய ஈயக் குண்டைக் கட்டி, மேலிருந்து உள்ளே இறக்குங்கள். தூண்டில் போடுகிறவர்களிடம் அந்தக் குண்டு கிடைக்கும். குண்டு கீழே வந்ததும், மேல் நுனியில் சோப்பில் நனைத்த துணித்துண்டைக் கட்டிக் கீழிருந்து மெதுவாக இழுக்க வேண்டும். துணி இறுக்கமாகவும் இருக்கக் கூடாது. தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. இரண்டு மூன்று முறை இழுத்தால், துணியின் நிறத்தைப் பார்த்துத் திகைத்துப் போவீர்கள்!

மாடி இல்லாத வீட்டில் இன்னொரு வழி. ஓஸின் துவாரத்தை விடச் சற்றே பெரிய ஸ்பாஞ்சுத் துண்டை முனையில் திணித்து, அந்த முனையைக் குழாயில் மாட்டித் தண்ணீரைத் திறக்க வேண்டும். தண்ணீர் ஸ்பாஞ்சைத் தள்ளிக்கொண்டு போய் மறுமுனையில் துப்பும். போகும் வழியெல்லாம் வழித்துக்கொண்டே போகும். ஓஸ் மடிப்பில்லாமல் கிடக்க வேண்டும். குழாயில் வேகமும் வேண்டும். வேகம் இல்லாத ஊரில் ஸ்பாஞ்சு நடுவழியில் சிக்கிக்கொள்ளும். அங்கே நூல் முறையே நல்லது.

இனி மருந்து. எவ்வளவு வேண்டும்? அரை அங்குலத் துவாரம் உள்ள 50 அடி ஓஸுக்குள் 2 லிட்டர் தண்ணீர்தான் பிடிக்கும். முக்கால் அங்குலமானால் 4½ லிட்டர் தயார் செய்தால் போதும். வாளி வாளியாகக் கரைத்து வீணாக்க வேண்டாம்.

கடையில் பாட்டிலில் விற்கும் பிளீச்சிங் திரவமானால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி. பிளீச்சிங் பவுடரானால், ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி. பவுடரைக் கரைத்துச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே உள்ள தெளிவை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓஸைத் தரையில் நீளமாகப் போட்டு, இரண்டு முனைகளையும் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி ஓர் ஆணியில் கட்டுங்கள். ஒரு முனையில் புனலை வைத்து மெதுவாக ஊற்றுங்கள். மறுமுனை வழியாகக் காற்று வெளியேறும். ஓஸைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஊற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் காற்று அடைத்துக்கொள்ளும். பாதி இடத்துக்கு மருந்து போகாது. நிறைந்த பிறகு 30 நிமிடம் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். அதிக நேரம் வைத்தால் பித்தளை முனை கறுத்துவிடும்.

பிறகு மருந்தைச் சாக்கடையில் கொட்டுங்கள். செடியில் கொட்டிவிடாதீர்கள், துளசி மாடம் பக்கத்தில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. வாடை போகும் வரை நல்ல தண்ணீரை ஓடவிட வேண்டும். கையில் உறை, கால் தடத்தில் செருப்பு, திறந்த வெளி. குழந்தைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

பிளீச்சிங் வேண்டாம் என்பவர்கள், சமையல் வினிகரைச் சம அளவு தண்ணீர் கலந்து ஒரு மணி நேரம் ஊறவிடலாம். இது எல்லாப் பூஞ்சணத்தையும் கொல்லாது. ஆனால் உப்புத் தண்ணீரால் படிந்த வெள்ளைக் கறையையும் சேர்த்து நீக்கும்.

ஒருபோதும் செய்யாதீர்கள்!

பிளீச்சிங்கையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங்கோடு சேர்க்கக் கூடாது. "இரண்டையும் கலந்தால் இரண்டு மடங்கு சுத்தமாகும்" என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் குளோரின் நச்சுப்புகை கிளம்பும். 1915 ஏப்ரல் 22-ந் தேதி, முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ரு நகர் அருகே ஜெர்மன் ராணுவம் எதிரிகள்மேல் ஏவிய புகை இதுதான். அதை வீட்டு முற்றத்தில் தயாரிக்க வேண்டாம்!

கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள். பி.வி.சி. இளகி, ஓஸ் கோணிப்போகும். மண்ணெண்ணெயும் கூடாது.

வெளிப்புறத்துக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். நுனியில் உள்ள பூவாளி மூக்கையும், குழாயில் மாட்டும் இணைப்பையும் கழற்றி வினிகரில் ஊறவையுங்கள். இணைப்புக்குள் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். பூஞ்சணத்தின் தலைமையகம் அதுதான்! கறுத்துப்போன வாஷரைத் தேய்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். சில ரூபாய்க்குப் புதிது கிடைக்கும்.

திரும்ப வராமல் இருக்க

குழாயை மூடியதும், ஓஸைக் குழாயிலிருந்து கழற்றுங்கள். ஒரு முனையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுமுனை வரை நடந்து போங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் முழுவதும் முன்னால் ஓடி வடிந்துவிடும். அதைச் செடிக்கே விடலாம். இந்த வேலைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பூஞ்சணத்துக்கு எதிரான வைத்தியத்தில் முக்கால் பங்கு இதுதான்.

பிறகு நிழலில் தொங்கவிடுங்கள். ஒற்றை ஆணியில் மாட்டினால் மடிந்து, மடிப்பில் தண்ணீர் நிற்கும். பழைய சைக்கிள் சக்கர வளையத்தைச் சுவரில் அடித்து அதில் சுற்றினால் மடியாது. இரண்டு முனைகளும் கீழ்நோக்கித் தொங்க வேண்டும்.

"வெயிலில் போட்டால் பூஞ்சணம் செத்துவிடாதா?" என்று கேட்கலாம். துணி காய்வது போல ஓஸ் காயாது. வெயில் ஓஸின் உட்புறத்தைத் தொடுவதில்லை. தண்ணீரை வடிக்காமல் வெயிலில் போட்டால் கிருமிக்கு அடுப்பு மூட்டிக் கொடுத்தது போல ஆகும். ஓஸும் விறைத்து வெடிக்கும்.

வாங்கும்போது, உள்ளே வெளிச்சம் புகாத அழுத்தமான நிறத்தில் வாங்குங்கள். பாசி வராது. ஆனால் பூஞ்சணம் வரும். வடித்து வைக்கும் வேலை அதற்கும் உண்டு.

குடிதண்ணீருக்குத் தனிக் குழாய்

தோட்டத்து ஓஸில் வாய் வைத்துக் குடிக்கக் கூடாது. அமெரிக்காவில் விற்கும் பல ஓஸ்களின் உறையிலேயே, இதிலிருந்து தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். கிருமி ஒரு காரணம். பித்தளை இணைப்பில் உள்ள ஈயம் தேங்கிய தண்ணீரில் இறங்கலாம் என்பது இன்னொரு காரணம்.

தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகள் எத்தனையோ! லாரியின் பெரிய ஓஸ் தெரு மண்ணிலும் சாக்கடை ஓரத்திலும் இழுபட்டு வந்து, நேரே தரைத்தொட்டிக்குள் தலையை நுழைக்கிறது. தண்ணீர் நல்லதா என்று கேட்பவர்கள், ஓஸைப் பார்ப்பதில்லை. முனையைக் கழுவச் சொல்லி, முதலில் ஒரு வாளித் தண்ணீரை வெளியே விட்டு, முனை தொட்டித் தண்ணீரில் அமிழாமல் மேலே பிடிக்கச் சொன்னால் டிரைவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தாலும் பரவாயில்லை.

ஓஸ் முனையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைக்கும் பழக்கமே தப்பு. பூச்சிமருந்து கலக்கிய வாளியில் முனையைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள். அந்த நேரத்தில் தெருக் குழாயில் அழுத்தம் குறைந்தால், வாளியில் உள்ளதை ஓஸ் உறிஞ்சிக் குடிதண்ணீர்க் குழாய்க்குள் அனுப்பிவிடும். பக்கத்து வீட்டார் சோறு வடிக்கும் தண்ணீரில் பூச்சிமருந்து வரும்! வாளியின் விளிம்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் முனை நிற்கும்படி கட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எவ்வளவு செய்தும் வாடை போகாத ஓஸ், வெடிப்பு விட்ட ஓஸ், பிழிந்தால் கறுப்புச் செதில் உதிரும் ஓஸ் ஆகியவற்றுக்கு வைத்தியம் கிடையாது. ஆனால் குப்பைத் தொட்டிக்கும் அவசரம் இல்லை. சாண் சாணாக வெட்டி, நன்றாகக் காயவைத்து, நெடுக்காகக் கீறினால், வாளிக் கைப்பிடிக்கு உறை ஆகும். அரிவாளின் வாய்க்கு உறை ஆகும். வாழை மரத்துக்கு முட்டுக் கொடுக்கும்போது, கயிறு தண்டை அறுக்காமல் இருக்க நடுவே வைக்கலாம்.